இரண்டாவது சாட்சி

அமெரிக்காவில் முஸ்லிம்கள் தோன்றிய ஆண்டு எனக்குத் துல்லியமாகத் தெரியும் என்று ஐம்பத்து நான்கு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்குப் போன ஆண்டு அது. அதற்கு முன்னால் அந்த நாட்டில் இருந்தவை குதிரை, தொப்பி, துப்பாக்கி. பிறகு மைத்துனர் விமானத்திலிருந்து இறங்கினார். இஸ்லாமும் கூடவே இறங்கியது.

இந்த வரலாற்றை நானாகக் கற்பனை செய்யவில்லை. போனில் அவரே சொன்னதுதான்: “முதல்ல இங்க ஒண்ணுமே இல்ல மச்சான். நாங்கதான் ஒரு பழைய பிட்ஸா கடைய எடுத்துப் பள்ளிவாசலாக்குனோம்.” அவர் ‘இங்க’ என்றது அவருடைய தெருவை. நான் அதை ஒரு கண்டம் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அறிவை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சந்து மாடியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை எனக்கு. இந்துக் கல்யாணம், கிறிஸ்துவக் கல்யாணம், நம்மவர் நிக்காஹ் எல்லாம் என் மெஷினில்தான் முதலில் நடக்கும். பாசிர் ரிஸில் வீடு. ஒரே மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பராட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

“அத்தா, நான் ஒருத்தர லைக் பண்றேன். அமெரிக்கன். முஸ்லிம்தான். டென்ஷன் ஆவாதீங்க.”

நான் டென்ஷன் ஆகவில்லை. எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த கேஸை இன்னொரு தடவை மூடிவிட்டு வந்தேன்.

பையன் அடுத்த வாரமே வந்தான். தஞ்சோங் பகாரில் மகள் வேலை பார்க்கும் அதே கட்டடத்தில், அதே மாடியில் வேலை. நல்ல உயரம், கறுப்பினத்துப் பையன். ஜார்ஜியா மாநிலத்துக் கடலோரம் ஒரு சின்னத் தீவு அவனுக்குச் சொந்த ஊர் என்றான். தாய் இல்லை, தகப்பனார் மட்டும்தான். வாசலில் செருப்பை வரிசையாக விட்டான். என்னைவிடத் திருத்தமாக சலாம் சொன்னான். அது போதாதா? எனக்குப் போதவில்லை. நம்மவர்கள் புதிதாக மார்க்கத்துக்கு வந்தவர்களிடம் அன்போடு கேட்கும் கேள்வியை நானும் அன்போடு கேட்டேன். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான். என் ஆங்கிலத்தைக் காப்பாற்றத் தமிழில் எழுதுகிறேன்.

“எப்ப தம்பி இஸ்லாத்துக்கு வந்தீங்க?”

“பொறந்ததுலேர்ந்து அங்கிள்.”

“அப்ப உங்க அத்தா?”

“அவரும்தான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மிக்சர் தட்டைப் பார்த்தேன். கணக்கு இடித்தது. மைத்துனர் போவதற்கு முன்பே இவன் அத்தா எப்படி முஸ்லிமாகப் பிறந்திருக்க முடியும்?

சில வாரம் கழித்துப் பையன் போனில் ஊர்ப் படங்களைக் காட்டினான். கடல், பாசி தொங்கும் பெரிய மரங்கள், படகு. அடுத்த படத்தில் வெள்ளை மரப்பலகையில் கட்டிய ஒரு தேவாலயம். அதன் வாசலில் கறுப்பு கோட் போட்ட ஒரு கூட்டம். நடுவில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் தன் தகப்பனார் என்றான்.

“நல்ல கட்டடம்” என்றேன். எனக்குள்ளே ஒரு கட்டடம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

அதற்குமேல் மகள் ஒரு குண்டைப் போட்டாள். நிக்காஹ்வுக்கு வயது வந்த இரண்டு முஸ்லிம் ஆண்கள் சாட்சி நிற்க வேண்டும். நியூ ஜெர்சி மாமா ஒருவர் என்பது முடிவான விஷயம். “இன்னொருத்தர் அவரோட டாடி. அவரே ஆசைப்பட்டுக் கேட்டாரு அத்தா. அதுக்குத்தான் அவ்ளோ தூரம் ஃப்ளைட் ஏறி வர்றாரு.”

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அவர் முஸ்லிம் இல்லையென்றால் ஒரு சாட்சி குறைகிறது. என் ஒரே மகளின் நிக்காஹ் செல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வாயைத் திறந்து கேட்டால், கடல் கடந்து வரும் மனிதரை வாசலிலேயே அவமானப்படுத்தியதாகும். அவர் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். கேட்டாலும் போச்சு, கேட்காவிட்டாலும் போச்சு.

மகளுக்கு என்னைத் தெரியும். “அத்தா, அங்கிள் வர்றப்ப நீங்க ஒண்ணும் பண்ணக் கூடாது. இது ஒண்ணுதான் நான் கேக்குறது. ப்ளீஸ் லா.”

“நான் என்ன பண்ணப் போறேன்?” என்றேன். அப்போதே பண்ண ஆரம்பித்திருந்தேன்.

அந்த மாதம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எம்ஆர்டி ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வாங்கப் போய், ஈரல் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வெங்காயத்தோடு வீடு வந்தேன். ஒரு வாடிக்கையாளரின் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். பெண் வீட்டார் சந்தோஷப்பட்டதால் தப்பித்தேன்.

மைத்துனருக்கு போன் போட்டேன்.

“அங்க கறுப்பினத்தவர்ல முஸ்லிம்கள் இருக்காங்களா?”

“ஏன் இல்லாம? பக்கத்து டவுன்ல அவங்களுக்குப் பெரிய பள்ளிவாசலே இருக்கு மச்சான். எங்க பிட்ஸா கடைக்கு முன்னாடியிலேர்ந்து இருக்கு.”

“அவங்கல்லாம் எப்ப மாறினவங்க?”

“தெரியலையே.”

“இருபத்தஞ்சு வருஷமா அங்கதான இருக்கீங்க. ஒரு தடவ கூடவா கேக்கல?”

“எங்க பள்ளிவாசலுக்கு நாங்க போறோம், அவங்களுதுக்கு அவங்க போறாங்க. நீங்க கேட்டீங்களா அந்தப் பையன்கிட்ட?” என்று திருப்பினார். நான் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவரின் மகன், என் வயதுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, “அவர்கிட்ட கேட்டீங்களா?” என்றார்.

“எப்படி ஹஜ்ரத் கேக்குறது?”

“வாயாலதான்.”

இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? சொந்தமாக ஒரு திட்டம் போட்டேன். சம்பந்தி வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன துஆ ஓதுவது. ஹஜ்ரத்தைக் கூப்பிடுவது. துஆவின் நடுவே, ‘பரக்கத்துக்காக எல்லாரும் ஒரு தடவை சேர்ந்து கலிமா சொல்வோம்’ என்று ஆரம்பித்துவிடுவது. சம்பந்தியும் கூடச் சொல்லிவிட்டால் அவர் முஸ்லிம். சாட்சி தயார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அவர் திணறக் கூடாதே என்று கலிமாவை ஆங்கில எழுத்தில் ஓர் அட்டையில் அச்சடித்தேன். நம்ம தொழிலாயிற்றே, சும்மா விட முடியுமா? நல்ல தடித்த அட்டை, தங்க ஓரம், நான்கு மூலையிலும் ரோஜா. மேலே ஆங்கிலத்தில், ‘பயப்படாமல், மெதுவாக, கூடச் சேர்ந்து சொல்லவும்’. லேமினேட் செய்து இரண்டு பிரதி.

என் மெஷினை ஓட்டுபவன் முப்பது வருட நண்பன், கத்தோலிக்கன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“டேய், யாருக்குடா இது?”

சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தே சிரித்தான். “எங்க ஃபாதர் கூட இப்படி சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்து எவனுக்கும் ஞானஸ்நானம் குடுத்ததில்லடா. அதுசரி, அந்த ஆளு சர்ச் வாசல்ல நின்னா கிறிஸ்டியனா? உன் பொண்டாட்டி என் பொண்ணு கல்யாணத்துக்கு முழுப் பூசையும் ஒக்காந்து பாத்துச்சு. அதுக்கும் ஒரு கார்டு அடிக்கவா?”

அவன் சொன்னது புத்தியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பதற்றம் ஏற்கெனவே எல்லா இடத்தையும் பிடித்திருந்தது.

ஞாயிறு மாலை அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் சம்பந்தி வந்தார். வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் வந்து ஹோட்டலில் தங்கியிருந்தார். மகனைவிட உயரம், நரைத்த குட்டைத் தாடி, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு போத்தல் தேன், தன் வீட்டுத் தேனீக்களுடையது. சலாம் சொல்லிவிட்டு ஹாலில் உட்காராமல், வாசனை வந்த திசையில் நேராக அடுப்படிக்குப் போய்விட்டார்.

“ஐயோ, நீங்க போயி ஒக்காருங்கண்ணே!” என்று என் மனைவி பதறியது அவருக்குப் புரியவில்லை. அவள் துஆவுக்காகப் பச்சரிசி மாவில் வெல்லமும் தேங்காயும் போட்டுக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையைக் கழுவினார், சட்டைக் கையைச் சுருட்டினார், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாவை எடுத்தார். இவள் விரல் பதியப் பிடிக்கிறாள்; அவர் உருட்டுகிறார். பத்துப் பதினைந்து உருட்டிவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார்.

“அம்மா, இத மொதல்ல சின்னப் புள்ளைங்களுக்குத்தான் குடுப்பீங்களான்னு கேக்குறாரு.”

“ஆமா. புள்ளைங்களுக்குக் குடுத்துட்டுத்தான் நாம. அவருக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு அவர் சிரித்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார். மனைவி கூடத்துக்கு வந்து என் காதில், “பாத்தீங்களா? அது புதுசாப் பழகுன கை இல்ல” என்றாள். நான் அதை எங்கே கேட்டேன்? சட்டைப் பையில் அட்டை சரியாக இருக்கிறதா என்று நான்காவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தோம். ஹஜ்ரத் ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம், நடுவில் கொழுக்கட்டைத் தட்டு. என்ன தொழில் செய்கிறீர்கள் என்று சம்பந்தி மரியாதையாகக் கேட்டார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். தொழிலைக் கேட்டால் என் கை தானாகப் பைக்குப் போய் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டும். போயிற்று. எடுத்தது. நீட்டியது.

தங்க ஓரம் மின்னியபோதுதான் பார்த்தேன். அதற்குள் அது அவர் கையில் இருந்தது.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மேலிருந்து கீழ்வரை. பிறகு மேலே இருந்த வரியை மட்டும் இன்னொரு தடவை. ஹஜ்ரத் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். மகளுக்கு விஷயம் புரிய இரண்டு நொடி பிடித்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

“நல்ல அச்சு. ரோஜா வேற போட்டிருக்கீங்க” என்றார் சம்பந்தி. “யாருக்கு இது?”

“பேரப் பிள்ளைங்களுக்கு” என்றேன். கல்யாணமே இன்னும் ஆகவில்லை.

“அத்தா!” என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் நான் செய்த எல்லாம் இருந்தது.

அதற்குமேல் பொய் சொல்ல எனக்கே தெம்பில்லை. சாட்சி, தேவாலயப் படம், மைத்துனர், பிட்ஸா கடை எல்லாவற்றையும் கொட்டினேன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தி அட்டையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு கொழுக்கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“எங்க தீவுக்கு வந்த எங்க முதல் ஆள் சங்கிலியோட வந்தார்” என்றார். “ஆப்பிரிக்காவில ஓதிப் படிச்சவர். நெல்லு போடத் தெரிஞ்ச ஆளுன்னு வாங்கினாங்க. விடியுறப்ப கிழக்க பாத்து நெத்திய மண்ணுல வைப்பார்னு எஜமான் வீட்டுல யாரோ எழுதி வச்சாங்க. வேடிக்கையா எழுதினது. எங்களுக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான்.”

கொழுக்கட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

“பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க விடல. பேரன் காலத்துல எல்லாரும் சர்ச்சுக்குப் போயாச்சு. நீங்க படத்துல பாத்தீங்களே, அந்த சர்ச்தான். கட்டினப்ப வாசல் கிழக்க பாத்துத்தான் இருக்கணும்னு பெரியவங்க ஒத்தக் கால்ல நின்னாங்களாம். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. வருஷத்துல ஒரு நாள் அரிசிய ஊறவச்சு இடிச்சுச் சர்க்கர போட்டு உருட்டி, மொதல்ல பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்க. அதுவும் ஏன்னு தெரியாது. என் அப்பா வேலை தேடி டெட்ராய்ட்டுக்குப் போனார், கார் ஃபேக்டரி. பக்கத்து மெஷின்ல ஒரு யெமன்காரர். சாப்பாட்டு நேரத்துல அவர் அட்டைப் பெட்டிய விரிச்சுத் தொழுதத என் அப்பா பாத்தார். எங்க வீட்டுல சொல்ற கதையில வர்றவர் மாதிரியே நெத்திய வைக்கிறாரேன்னு போய்க் கேட்டார். வாயாலதான் கேட்டார்.”

ஹஜ்ரத் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார்.

“நான் பொறந்தது அப்பா முஸ்லிமானதுக்கப்புறம். பிறகு ஊருக்கே திரும்பிட்டோம். என் சித்தப்பா பிள்ளைங்கல்லாம் இன்னும் அந்த சர்ச்சுதான். அங்க ஒரு மவுத்து, அடக்கம்னா போவேன். தொப்பியக் கழட்டிக்கிட்டு நிப்பேன். என் ஆளுங்க அவங்க.” பிறகு போனை எடுத்தார். “எங்ககிட்ட சர்ட்டிஃபிகேட் இல்ல. காகிதம்னு இருக்கிறது இது ஒண்ணு.”

ஒரு பழைய தாளின் படம். பண்ணைச் சொத்துக்களின் பட்டியல். கோடு போட்டு, சாய்ந்த எழுத்தில், அவ்வளவு நேர்த்தி. மேலே இரண்டு கோவேறு கழுதை. கீழே ஒரு படகு. நடுவில் எங்கள் பள்ளிவாசலில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் ஒரு பெயர், எழுத்துப் பிழையோடு, வயது, விலை. இருபத்தெட்டு வருடமாக எழுத்தைப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். அழகான கையெழுத்தைப் பார்த்து அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எங்க தாத்தாவும் தஞ்சோங் பகார் துறைமுகத்துல மூட்டை தூக்கினவர்தான்...” என்று ஆரம்பித்தேன். மகள் என் காலை மிதித்தாள். அவள் மிதித்தது சரி. என் தாத்தா டிக்கெட் வாங்கி வந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கடையநல்லூருக்குப் போய்ப் பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பியவர். அது வேறு, இது வேறு.

“மன்னிச்சிடுங்க” என்றேன். வேடிக்கையாகக்கூட எதுவும் வரவில்லை.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இத நான் வச்சுக்குறேன். என் அப்பா இருந்திருந்தா இதப் பாத்து ஒரு வாரம் சிரிச்சிருப்பார்” என்றார். பிறகு சிரிக்காமல், “உங்க பொண்ணு நிக்காஹ். சாட்சியா நான் நிக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மனைவிதான், “நிக்கணும்ணே” என்று தமிழில் சொன்னாள். அது அவருக்குப் புரிந்தது.

அசருக்கு நேரமாயிற்று. வயதில் மூத்தவர் என்று சம்பந்தியையே முன்னால் நின்று தொழவைக்கச் சொன்னார் ஹஜ்ரத். அவர் திரும்பி நின்று எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: “நான் பயணி. ரெண்டு ரக்அத்தோட முடிச்சுக்குவேன். நீங்க உள்ளூர்க்காரங்க, எழுந்து மிச்ச ரெண்டையும் தொழுதுக்கங்க.” நன்றாகக் கேட்டது. அவர் இரண்டில் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். ஹஜ்ரத் எழுந்தார், வேலைக்காக சிங்கப்பூரில் மூன்று வருடமாகக் குடியிருக்கும் பையனும் எழுந்தான். நான் மட்டும் அவரோடு சேர்ந்து இரண்டிலேயே சலாம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கலிமா லேமினேட் செய்கிறவன். திரும்ப நான்கும் தனியாகத் தொழுதேன். பின்னாலிருந்து என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அதற்கப்புறம் ஐந்து நாள் என்னிடம் பந்தல், பிரியாணி, வண்டி தவிர வேறு எதுவும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “அத்தா, நாளைக்கு விசிட்டிங் கார்ட வீட்டுல வச்சுட்டு வாங்க” என்றாள். வைத்துவிட்டுத்தான் போனேன்.

சனிக்கிழமை பகல் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. மகளைக் கொடுத்தது நான். முதல் சாட்சியாக நியூ ஜெர்சி மைத்துனர் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சி யார் என்று பதிவாளர் கேட்டார். சம்பந்தி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுப் பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.